அறுபத்து மூன்று பேருக்கு நடுவில் ஒரு வக்கீல்

என் மனைவியைப் பற்றி இணையத்தில் போட நான் எழுதிக்கொடுத்த முழுப் பக்கத்தையும் அவள் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் பேனா. 'ஏழைகளின் குரல்' போயிற்று. 'அனுபவமும் ஆற்றலும் கைகோத்த' போயிற்று. 'வாதத்தில் வெள்ளம், பேச்சில் கரை' என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு எழுந்து தெருக்கோடி வரை ஒரு நடை நடந்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. அதுவும் போயிற்று. கடைசியில் ஐந்து வரி மிஞ்சின. பெயர். முகவரி. தொலைபேசி எண். பதிவு எண்ணும் படிப்பும். எந்த வகை வழக்குகள் நடத்துகிறாள் என்பது.

"இத எழுத நான் எதுக்கு?" என்றேன்.

"பிழையில்லாம எழுத" என்றாள், மாவை ஊற்றிக்கொண்டே.

அவள் வக்கீல். காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறவள். நான் வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு டிஜிட்டல் பேனர் கடையில் வாசகம் எழுதுகிறவன். பெரிய கோயில் தேருக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் ஒரே கோடையில் என்னிடம்தான் வரி கேட்டு வருவார்கள். காதுகுத்து, பிறந்த நாள், கண்ணீர் அஞ்சலி, மட்டைப்பந்துக் கோப்பை, எல்லாவற்றுக்கும் நான்தான். மூன்றாம் வகுப்பு முடித்த குழந்தையை 'கல்விக் கடலே' என்று அழைத்திருக்கிறேன். வார்டு தேர்தலில் தோற்றவரை 'தோல்வி அறியாத' என்று எழுதியிருக்கிறேன், அவர் வந்து அழுது நன்றி சொன்னார். ஊரில் பாதிப் பேருக்கு அடைமொழி தைத்துக் கொடுத்தவன், வீட்டில் இருக்கிற ஒருத்திக்குத் தைக்க முடியவில்லை. வக்கீல்கள் வழக்கைத் தேடிப் போகக் கூடாது, வழக்குத்தான் அவர்களைத் தேடி வர வேண்டும், இணையத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டாலும் இன்னின்னதைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது, தன்னைத் தானே புகழக் கூடாது, வேறு யாரையாவது வைத்தும் புகழக் கூடாது. அவர்கள் பார் கவுன்சில் விதி அப்படி.

"நான் வேற யாராவதா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மொத ஆளு."

இந்தப் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கு ஒரு தனிப் போன் வாங்கினாள். பகல் முழுக்க அவள் கோர்ட்டில் இருப்பதால் அந்தப் போன் என்னோடு பேனர் கடையில் இருக்கும். கடைக்கு மேல்மாடிதான் அவள் ஆபீஸ். சாயங்காலம் நான் அதை மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போனின் பின்பக்கம் ஒரு சின்ன அட்டையில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள்: 'கேளுங்க. எழுதிக்குங்க. பதில் சொல்லாதீங்க.' நான் சொல்ல அனுமதி இருந்தது ஒரே வாக்கியம்: "அம்மா கோர்ட்ல இருக்காங்க, அஞ்சு மணிக்கு மேல கூப்பிடுங்க." ஒரு நாளைக்குப் பத்து முறை அதைச் சொல்வேன். ஐந்தாவது முறைக்கு மேல் ராகம் வந்துவிடும்.

அப்படிக் கூப்பிட்டுவிட்டு நேரில் வந்தவர்தான் ஏம்பலத்து அம்மா.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலில் சேறு காய்ந்திருந்தது. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் மகள், போனில் தேடிப் பார்த்து இந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருந்தாள். எத்தனையோ வக்கீல்கள் இருக்க ஏன் இதைப் பிடித்தீர்கள் என்று நான் கேட்டேன். தெரிந்துகொள்ள ஆசை, அது ஐந்து வரிப் பக்கம், அதிலும் என் வரி ஒன்றுமில்லை.

"மத்ததெல்லாம் கட்டவுட்டு மாதிரி இருந்துச்சி தம்பி" என்றார். "சிங்கம் படம், தராசு படம், நூத்துக்கு நூறு ஜெயிப்போம்னு. இது ஒண்ணுதான் ரேஷன் கார்டு மாதிரி இருந்துச்சி. ரேஷன் கார்டுல பொய் இருக்காதுன்னு நம்புனேன்."

நான் மாடிப்படியைக் காட்டினேன்.

அவருடைய பிரச்சினை எளிமையானது, அதனால் கடினமானது. அப்பா விட்டுப் போன இரண்டு காணி நிலம். பாதியை அண்ணன் உழுகிறார், பாதியை இவர் உழுகிறார், முப்பது வருஷமாக வாய்ச்சொல்லில். காகிதம் மொத்தமும் அண்ணன் பெயரில். இப்போது மனை போடுகிறவர்கள் வந்து, வரப்பில் கலர்க்கொடி நட்டு, அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன் இரண்டு காணியையும் சேர்த்து விற்றுவிடப் பார்க்கிறார். விற்கும் முன் தன் பாதி தனக்கென்று எழுத்தில் வர வேண்டும். என் மனைவி பாகப் பிரிவினை வழக்குப் போட்டாள். வழக்கு முடியும்வரை நிலத்தை விற்கக் கூடாது என்று தடை கேட்டும் மனுப் போட்டாள். தடை கிடைத்தால் அந்த அம்மாவுக்கு நிலம். கிடைக்காவிட்டால் பிளாட் நம்பர் ஒன்று, பிளாட் நம்பர் இரண்டு.

இதெல்லாம் மேல்மாடியில் அவர்களுக்குள் பேசியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அறுபத்து மூன்று பேருக்கும் தெரியும் என்பதால்.

வழக்குப் போட்ட மூன்றாம் நாள், அந்த அம்மா வக்கீலைத் தங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவின் பெயர் 'நம்ம வூடு'. ரோஜாப் பூப் படம். அறுபத்து மூன்று பேர். நாயன்மார் கணக்கு. மாமன், மச்சான், சித்தப்பா, கல்யாணமாகிக் கடலூர் போன பெண்கள், சேதராப்பட்டில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள், எல்லோரும். அண்ணனும். அவர்தான் அந்தக் குழுவில் தினமும் காலையில் முதலில் எழுந்திருக்கிறவர். சாமி படத்தோடு வணக்கம் போடுகிறவர்.

என் மனைவி அன்று சாயங்காலமே போன் செய்து சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த குரூப்ல உங்க அண்ணன் இருக்காரும்மா. அவருக்குன்னு ஒரு வக்கீல் இருக்காரு. நான் அவர்கிட்ட நேராப் பேசவே கூடாது. அவங்க வக்கீல் மூலமாத்தான்."

"அவர் எங்க அண்ணந்தானம்மா. பேசுனா இன்னா?"

"உங்களுக்கு அண்ணன். எனக்கு எதிர்க்கட்சி."

"அய்ய, எதிர்க்கட்சியெல்லாம் இல்ல. ரெண்டு வூடும் ஒரே கட்சிதான், ஓட்டு மாறாது."

"அது இல்லம்மா. நீங்க என்கிட்ட சொல்றது உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கணும்."

"மறச்சிப் பேசுனா நான் ஏதோ திருடுன மாதிரி ஆவாதா? எல்லாருக்கும் தெரியட்டும். என் நெலத்தத்தான கேக்கறேன்."

இதற்கு என் மனைவியிடம் பதில் இருந்தது, ஆனால் அந்த அம்மா சொன்னதிலும் ஏதோ இருந்தது. 

அன்று அவள் குழுவைவிட்டு வெளியேறினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: வெளியேறினார். பந்தியில் இலை போட்டபின் எழுந்து போனது மாதிரி ஆகிவிட்டது. "வக்கீலம்மாவுக்கு இன்னா கோவம்?" "யாரு இன்னா சொன்னா?" "பெரிய மாமா நேத்து அனுப்புன காமெடி வீடியோதான் காரணம், நான் அப்பவே சொன்னேன்." பெரிய மாமா மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவு போட்டார், பின்னால் ஆடு கத்தியது. இதையெல்லாம் அந்த அம்மாவின் மகள் மறுநாள் கடைக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினாள். அப்புறம் அம்மா மறுபடியும் சேர்த்துவிட்டார். மறுபடி வெளியேறினால் அந்த அம்மாவுக்கு அந்த வீட்டில் தலைகுனிவு. என் மனைவி யோசித்தாள். ஒலியை அணைத்துவிட்டு, "இருந்துட்டுப் போவுது, யாரும் இதுல எழுதப்படாது, ஒரு எழுத்துகூட" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனை என் மேசையில் வைத்தாள்.

அவள் செய்த தவறு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இளக்கம்தான். மற்றதை நான் செய்தேன்.

பேனர் கடை மேசையில் மதிய வேளை நீளமானது. அச்சு யந்திரம் துணி துவைப்பது போல ஓசை போட்டுக்கொண்டு யாருடைய முகத்தையோ நான்கு அடி அகலத்துக்கு வரைந்துகொண்டிருக்கும். நான் 'நம்ம வூடு' படிக்க ஆரம்பித்தேன். கேட்கச் சொல்லித்தானே அட்டையில் எழுதியிருக்கிறது. ஒரு மாதத்தில் அந்த வீட்டின் எல்லாச் சத்தமும் எனக்குப் பழகிவிட்டது. யார் வீட்டில் மிளகாய் காயப் போட்டிருக்கிறது, மழை வருகிறது எடுங்கள். யார் வண்டிச் சாவியை யார் எடுத்துக்கொண்டு போனது. கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. குழந்தைக்கு முதல் பல். எவ்வளவோ பேருக்கு வாழ்த்து எழுதியிருக்கிறேன், ஒருவர் வீட்டுக்குள்ளும் இப்படி உட்கார்ந்ததில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என்னை அவர்களில் அறுபத்து நான்காவது ஆளாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அண்ணன் குரல் கரகரத்த குரல். தங்கையை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். ஐம்பத்தைந்து வயதுப் பாப்பா. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது, தடை மனு வாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு நடுவே ஒரு காலை அவர் ஒரு படம் போட்டார். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் வயல், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு கொக்கு. கீழே குரல் பதிவு:

"பாப்பா, மோட்டார் போட்டுட்டேன். ஒம் பக்கமும் தண்ணி வந்துடும். நீ அவசரப்பட்டு ஓடியாராத, மெதுவா வா."

அதை நான் நான்கு முறை கேட்டேன். கடையில் அப்போது கண்ணீர் அஞ்சலி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நான் எழுதிய வரி எதுவும் இந்தக் குரலுக்குப் பக்கத்தில் வராது. வழக்குப் போட்ட தங்கையின் வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு ஓடி வராதே என்று சொல்கிற மனிதனை எந்தக் கட்சியில் வைப்பது? கை தானாகப் போயிற்று. விரல்கள் எழுதின:

'உங்கள் மனம் புரிகிறது அண்ணே. தண்ணீருக்கு வழி தெரிந்த மாதிரி மனசுக்கும் தெரியும். உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.'

அனுப்பியபின்தான் அது யாருடைய எண் என்று உறைத்தது. அழிக்கப் போனேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்தாயிற்று. கும்பிடும் கைகள், பூக்கள், இதயங்கள், மழை மாதிரி. "வக்கீலம்மாவே சொல்லிட்டாங்க." "சமாதானம் ஆய்டுச்சி, எல்லாரும் வாங்க." "பாயசம் உண்டா?" பெரிய மாமா ஆட்டோடு சேர்ந்து வாழ்த்தினார். அண்ணன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கும்பிடு போட்டார்.

அந்த அம்மாவும் ஒன்றும் எழுதவில்லை.

நான் என் மனைவியிடம் சொன்னேனா? சொல்லவில்லை. சாயங்காலம் போனைக் கொண்டுபோய் மேலே வைத்துவிட்டு, ஐந்து பேர் கூப்பிட்டார்கள், இன்னார் இன்னார், என்று எழுதிய தாளையும் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். குழுவின் ஒலியைத்தான் அணைத்திருந்தாளே, அவள் அதைத் திறந்து பார்க்கமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றி இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு கூசுகிறது.

நான்காம் நாள் அவள் கோர்ட்டிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். கறுப்புக் கோட்டு கையில் மடிந்திருந்தது. ஒரு தாளை என் மேசையில், சாமி ஊர்வல பேனரின் மாதிரிப் படத்துக்கு மேல் வைத்தாள். அண்ணனின் வக்கீல் தடை மனுவுக்குப் போட்ட பதில். கூடவே என் வரிகள் அச்சில், மேலே அவள் எண், நேரம், எல்லாம். மனுதாரர் தரப்பே பேசித் தீர்க்கச் சம்மதித்துவிட்டது, ஆகவே தடைக்கு அவசரமில்லை. மேலும் மனுதாரரின் வக்கீல் எங்கள் கட்சிக்காரரை நேரடியாகத் தொடர்புகொண்டிருக்கிறார், இதை நீதிமன்றம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

"'தண்ணீருக்கு வழி தெரிந்த மாதிரி'" என்று அவள் படித்தாள். "இத நான் எழுதலன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணத் தேவையே இல்ல. பார்த்தாலே தெரியும்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"என் நம்பர். யாரு எழுதுனாலும் எழுதுனது நான். அது போவட்டும், என்னை இன்னா பண்ணுவாங்களோ பண்ணட்டும். அந்தம்மாவுக்குத் தடை வரலன்னா ரெண்டே மாசத்துல அங்க கல்லு நட்டுடுவாங்க. அத விடு, அவங்க இப்ப இன்னா நெனச்சிக்கினு இருப்பாங்க? வக்கீலம்மா அண்ணன் பக்கம் சாய்ஞ்சிட்டாங்கன்னு. நாலு நாளா போன் பண்ணலங்க அவங்க. நாலு நாளா."

'அத விடு' என்றாள். எங்கள் இருபது வருஷத்தில் அவள் என்னிடம் மரியாதை தவறுவது இரண்டு சமயங்களில்தான், மிகக் கோபத்திலும் மிகப் பிரியத்திலும். இது இரண்டில் எது என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

"இப்ப இன்னா பண்றது?"

"உண்மைய சொல்றது. மொதல்ல அவங்ககிட்ட. அப்புறம் கோர்ட்ல. நாளைக்குக் காலைல நீங்களும் வாங்க."

மறுநாள் ஸ்கூட்டரில் போனோம். கரும்பு லாரிகள் உதிர்த்த தோகை சாலையெல்லாம் கிடந்தது. அவள் பின்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். அதை ஏன் கொண்டு வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. வழியெங்கும் நான் என்னை மன்னிக்கும் வாக்கியங்களை மனசுக்குள் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றும் பேனர் மாதிரியே வந்தது.

அந்த அம்மா வயலிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வாங்க" என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. உள்ளே மகள் ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர், எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர். என் மனைவி ஒரு நொடி தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"குரூப்ல வந்தத நான் எழுதலம்மா. இவரு எழுதுனாரு. எங்கிட்டயும் கேக்கல, உங்ககிட்டயும் கேக்கல."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா? பேனர் எழுதற தம்பியா?"

"ஆமாம்மா."

"எங்க அண்ணன் மனசு புரியுதுன்னு எழுதுன. இன்னா புரிஞ்சிது?"

நான் அந்தக் குரல் பதிவைப் பற்றிச் சொன்னேன். மோட்டார். தண்ணீர். மெதுவா வா. சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா கால் கழுவிய சொம்பைக் கீழே வைத்தார்.

"தம்பி, மோட்டார் எந்தப் பக்கம் இருக்குது தெரியுமா? எம் பக்கம். அங்க இருந்து எங் கழனி வழியாத்தான் வாய்க்கா போவுது. எனக்கு வுடாம அவருக்குத் தண்ணி போவாது. அவருக்குப் பாயணும்னா எனக்கு நெறஞ்சிதான் ஆவணும். முப்பது வருசமா அப்டித்தான். அதுக்குப் போயி மனசுங்கிற."

கிழவர் சிரித்தார். "பட்டணத்துல வாய்க்காலே இல்ல, அவருக்கு இன்னா தெரியும்" என்றார். நான் வில்லியனூர்தான் என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

"ஆனா" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் நிறுத்தினார். "சொல்லணும்னு இல்ல. போட்டுட்டு சும்மா இருக்கலாம். தெனம் சொல்றாரு." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அது வேற. நெலம் வேற."

என் மனைவி வழக்குக் கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அதை ஏன் கொண்டு வந்தாள் என்று தெரிந்தது.

"இதுல எல்லாக் காகிதமும் இருக்குதும்மா. நான் கோர்ட்ல நடந்தத நடந்த மாதிரி எழுதிக் கொடுத்துடுவேன், உங்களுக்கு இதுல பங்கில்லன்னு. ஆனா உங்களுக்கு எம்மேல நம்பிக்கை போயிருந்தா அது நியாயம்தான். வேற வக்கீல வெச்சிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டு இதுலயே வெச்சிருக்கேன். வாங்குன ஒரு காகிதமும் எங்கிட்ட இல்ல."

அந்த அம்மா கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல வைத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.  இரண்டு காணியும் அந்தக் கட்டுக்குள் இருந்தது, அதைக் கொடுத்துவிட்டு என் மனைவி வெறுங்கையோடு நின்றாள், மேடையில் சால்வை போர்த்தப்படுகிறவர்கள் நிற்பது போலக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். அவளைப் பற்றி நான் எழுதிய வரிகள் ஒன்றில்கூட இந்த நிற்றல் இல்லை.

"வேற வக்கீலும் கோர்ட்ல பொய் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாது சரி. வூடு வரைக்கும் வந்து, நாங்க தப்பு பண்ணிட்டோம்னு சொல்லுவாங்களா?"

 மற்ற வக்கீல்களைப் பற்றி என் மனைவி பேசமாட்டாள். அதற்கும் விதி இருக்கிறதோ என்னவோ.

அந்த அம்மா உள்ளே பார்த்துக் கத்தினார். "அடியே, எழுந்திருடி! இந்த குரூப்ல இருந்து ஒருத்தர எப்டி எடுக்கறது?"

மகள் தூக்கக் கண்ணோடு வந்தாள். "யாரம்மா எடுக்கணும்?"

"வக்கீலம்மாவ."

"அய்யோ, சண்டையாம்மா?"

"நீ எடுடி மொதல்ல."

மகள் என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். என் சட்டைப் பையில் இருந்த ஆபீஸ் போனை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிற வரி. நீக்கினார். ஒரு மாதம் உட்கார்ந்திருந்த வீட்டிலிருந்து என்னைத்தான் எழுப்பி அனுப்பியது போலிருந்தது.

அந்த அம்மா வாசலைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள்ளாம் போங்க, அப்புறம் வாங்க." பக்கத்து வீட்டுக்காரிகள் நம்பமுடியாமல் எழுந்தார்கள். கிழவர், "நானுமா?" என்றார். "நீயுந்தான் மாமா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும்."

என் மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மகளைக்கூட வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். அந்தத் தெருவில் பகலில் கதவு சாத்தி நான் பார்த்தது அது ஒன்றுதான். சாத்துவதற்கு முன் அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது:

"இப்ப யாரும் இல்ல. இப்ப சொல்லும்மா, இன்னா பண்ணலாம்?"

நாங்கள், கிழவரும் மகளும் பக்கத்து வீட்டுக்காரிகளும் நானும், எதிர்வீட்டு வேப்ப மரத்தடியில் நின்று ஒரு சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "உள்ள இன்னா பேசறாங்க?" என்றார் கிழவர் என்னிடம். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அவருக்கு விளக்கமுடியவில்லை. வெளியே வந்தபோது என் மனைவியின் கையில் கட்டு மறுபடி இருந்தது.

நீதிமன்றத்துக்கு நானும் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தொழில்: பேனர் வாசகம் எழுதுபவர். அந்தச் செய்தியை எழுதியவன் நான். என் மனைவிக்குத் தெரியாது. மனுதாரருக்குத் தெரியாது. நான் வழக்கறிஞன் அல்ல. 'வருந்துகிறேன்' என்பதற்கு முன்னால் 'ஆழ்ந்து' போடலாமா என்று கேட்டேன். பார்வையிலேயே அடித்தாள். ஐந்து வரி. என் வாழ்நாளில் நான் எழுதியதில் ஒரு அரசாங்க முத்திரை விழுந்தது அதில்தான்.

வாதத்தன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர். என் பத்திரத்தை மூக்குக் கண்ணாடிக்குக் கீழாகப் படித்துவிட்டு, "அம்மணி வீட்டில் ஒரு கவிஞர் இருக்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கட்சிக்காரர்கள் கூப்பிடும் போனை வீட்டு ஆள் கையில் கொடுப்பது எப்படிப்பட்ட பழக்கம் என்று என் மனைவியைக் கேட்டார். தவறான பழக்கம் என்றாள். குழுவில் மறுபடி சேர்த்ததும் ஏன் விலகவில்லை என்றார். விலகியிருக்க வேண்டும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் நேராக நின்று ஒரு வாக்கியம்.  பிறகு அவர் நிலத்தின் காகிதங்களுக்குத் திரும்பினார். அதில் நெடுநேரம் இருந்தார். வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது என்று தடை வந்தது. என் மனைவிக்கு எச்சரிக்கையும் வந்தது, அதே உத்தரவில், அடுத்த பத்தியில். இரண்டையும் அவள் பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறாள்.

போனை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். இப்போது மேல்மாடியில் சட்டம் முடித்து வந்த ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கும் பதிவு எண் உண்டு. பின்பக்க அட்டையை மட்டும் கழற்றி என் மேசையில் ஒட்டிவிட்டாள் என் மனைவி. பேனர் கேட்டு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "பதில் சொல்லாதீங்கன்னா எப்டிங்க வெல சொல்லுவீங்க?" என்கிறார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாதம் ஒரு முறை அந்த அம்மா வருவார், காலில் சேற்றோடு. போன வாரம் படியேறப் போனவரை நிறுத்தினேன். அந்த வீட்டின் சத்தங்கள் இல்லாமல் எனக்கு மதியங்கள் வெறிச்சென்று போய்விட்டன, அதை எப்படிச் சொல்வது.

"அண்ணன் இன்னமும் மோட்டார் போட்டா சொல்றாராம்மா?"

அவர் ஒரு படி ஏறி நின்று, திரும்பி, பல் தெரியச் சிரித்தார்.

"மேல ஒம் பொண்டாட்டிகிட்ட எல்லாம் சொல்லிக்கினுதான் இருக்கேன். அவங்களையே போய்க் கேளு. சொல்றாங்களான்னு பாப்போம்."

சாயங்காலம் தோசைக்கல் முன்னால் தட்டோடு நின்று கேட்டேன். அவள் கரண்டியால் மாவைச் சுற்றிச் சுற்றி, நடுவிலிருந்து ஓரம்வரை, ஒரு இடம் விடாமல் பரப்பினாள்.

"இன்னும் ஒண்ணு வெக்கட்டா?" என்றாள்.